பிடிபட்டவன் கணக்கு

போரில் எதிரியிடம் பிடிபட்ட சிப்பாய்க்குச் சம்பளம் உண்டா?

டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "இது என்ன கேள்வி, நாட்டுக்காகத்தானே மாட்டிக்கிட்டான்?" என்பார்கள். நியாயமான பதில்தான். ஆனால் சட்டம் அங்கே தொடங்கவில்லை. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 91-ஆவது பிரிவு, அதிகாரி அல்லாத படைவீரர்களின் சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்று வரிசைப்படுத்துகிறது. முதல் உட்பிரிவிலேயே, படையை விட்டு ஓடிப்போன நாட்களும் லீவு வாங்காமல் காணாமல் போன நாட்களும் போர்க்கைதியாக இருந்த நாட்களும் ஒன்றாக நிற்கின்றன. ஓடிப்போனவனும் பிடிபட்டவனும் ஒரே வரியில். வெள்ளைக்காரன் காலத்து ராணுவச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம் இது. வேலையில் இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது அதன் அடிப்படை.

படித்தவுடன் கோபம் வரும். இன்னும் ஐந்தாறு பிரிவு தாண்டிப் போனால் சட்டத்தின் முகம் மெல்ல மாறும். 96-ஆவது பிரிவு: பிடிபட்டபோதோ, எதிரியின் கையில் இருந்தபோதோ ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்று விசாரிக்க வேண்டியிருந்தால், அது முடியும்வரை சம்பளத்தை நிறுத்திவைக்கலாம். 97: பிடித்ததைத் தள்ளுபடி செய்யலாம். 98: அப்படித் தள்ளுபடியாகித் திரும்பி வரும் பணத்திலிருந்து முதலில் அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஏற்பாடு செய்யலாம், மிச்சம்தான் அவருக்கு. பறித்துவிட்டுத் திருப்பித் தருகிற இந்தச் சுற்றுவழியில் ஒரு தந்திரம் இருக்கிறது. பணம் அவர் பெயரில் இருக்கும். கை மட்டும் அரசாங்கத்தின் கை. அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத நிலையிலும், அவர் கையெழுத்து இல்லாமலே வீட்டுக்குப் பணம் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது 100-ஆவது பிரிவு. குடும்பத்துக்குப் பணம் தருகிற விஷயத்தில், நடத்தை பற்றிய விசாரணை முடியும்வரை அந்த ஆள் போர்க்கைதியாகவே கருதப்படுவார் என்கிறது அது. விடுதலையாகி, ஊர் திரும்பி, ராயபுரத்தில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாலும், காகிதத்தில் அவர் இன்னும் எதிரியின் முகாமுக்குள் இருக்கிறார். போர்க்கைதி என்பது உடம்பு இருக்கும் இடத்தைச் சொல்கிற சொல் என்றுதான் நாம் நினைக்கிறோம். ராணுவத்துக்கு அது கணக்குப் பேரேட்டில் ஒரு நிலைமை.

வட சென்னையில் இந்த நிலைமையை வேறு பக்கத்திலிருந்து பார்த்த குடும்பங்கள் உண்டு. எண்ணூரில் பர்மா நகர் இருக்கிறது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார். சாயங்காலமானால் பக்கத்துத் தெருக்களில் அத்தோ கடைகள். 1964-இல் பர்மாவில் நெ வின் அரசு கடைகளையும் ஆலைகளையும் நாட்டுடைமையாக்கி, ஐம்பது, நூறு சாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்த பிறகு ரங்கூனிலிருந்து கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியவர்கள் இவர்களின் முன்னோர். இந்தக் கதை பலருக்குத் தெரியும். அப்படி இறங்கியவர்களில் சிலர், அதற்கு இருபது வருடம் முன்பு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சிப்பாய்களாக இருந்து, ரங்கூன் மத்தியச் சிறையில் கைதிகளாகவும் இருந்தவர்கள். நான் கைதியாக இருந்தேன் என்று நிரூபிப்பதில் அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் போயின. ஏன் அவ்வளவு கஷ்டம் என்று புரிய, முதலில் பிடிபட்டவனுக்குக் கணக்கு எழுதும் முறையைப் பார்க்க வேண்டும்.

1907-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தது. பிடிபட்ட அதிகாரிக்கு, பிடித்து வைத்திருக்கும் நாடு தன் படையில் அதே தரத்தில் உள்ள அதிகாரிக்கு என்ன கொடுக்கிறதோ அதையே கொடுக்க வேண்டும். பிறகு அந்தப் பணத்தை அவருடைய சொந்த நாடு திருப்பித் தர வேண்டும். ஏழை ராணுவத்து அதிகாரி ஒருவர் பணக்கார நாட்டிடம் பிடிபட்டால் சம்பள உயர்வு கிடைத்த மாதிரிதான். 1929-இல் ஜெனீவாவில் கூடியவர்கள் இந்த ஓட்டையை அடைத்தார்கள்: இரண்டில் எது குறைவோ அதுதான். சாதாரண சிப்பாய்க்கு அப்போதும் மாதச் சம்பளம் கிடையாது. முகாமில் வேலை செய்தால் கூலி உண்டு, அவ்வளவே.

சிப்பாயும் கணக்குக்குள் வந்தது 1949-இன் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தில். அதன் 60-ஆவது விதி எல்லாக் கைதிகளுக்கும் மாதாமாதம் முன்பணம் தரச் சொல்கிறது. சார்ஜன்ட்டுக்குக் கீழே உள்ளவருக்கு 8 சுவிஸ் பிராங்க், சார்ஜன்ட்டுக்கு 12, மேஜருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிக்கு 50, மேஜர் முதல் கர்னல் வரை 60, ஜெனரலுக்கு 75. எட்டு பிராங்க் என்பது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்பது ரூபாய். சோப்பு, பீடி, தபால்தலை வாங்கலாம். வேலை செய்தால் அதற்கு மேல் ஒரு முழு நாளுக்குக் குறைந்தது கால் பிராங்க். எந்த நாட்டுக் காசு என்று சண்டை வராமலிருக்க, சண்டையிலேயே சேராத நாட்டின் காசைப் பிடித்துக்கொண்டார்கள்.

தொகை சின்னதுதான். அதைச் சுற்றிக் கட்டியிருக்கும் எழுத்துவேலைதான் ஆச்சரியம். பிடிபட்டவன் பையில் உள்ள பணத்தை எடுக்க ஓர் அதிகாரியின் உத்தரவு வேண்டும். எவ்வளவு எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ரசீது தர வேண்டும். ரசீது கொடுப்பவனின் பெயரும் தரமும் படையணியும் படிக்கிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். படிக்கிற மாதிரி என்பதை ஒரு சர்வதேச ஒப்பந்தமே கேட்டு வாங்குகிறது என்றால், கிறுக்கிக் கொடுத்து ஏமாற்றியவர்கள் முன்னால் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கைதிக்கும் தனிக் கணக்கு. வரவும் பற்றும் விழுகிற ஒவ்வொரு வரியிலும் கைதி கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட வேண்டும், அல்லது கைதிகளின் பிரதிநிதி அவருக்காகப் போட வேண்டும். எந்த நேரமும் தன் கணக்கைப் பார்க்கவும் நகல் கேட்கவும் அவருக்கு உரிமை. முகாம் மாறினால் கணக்கும் கூடவே போகும். விடுதலையாகும் நாளில், இவ்வளவு பாக்கி என்று அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு கையில் வரும். அந்தப் பாக்கியைத் தர வேண்டியது யார்? பிடித்துவைத்திருந்த நாடு அல்ல. கைதியின் சொந்த நாடு. நாடுகள் தங்களுக்குள் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும், சிப்பாய் காத்திருக்க வேண்டாம் என்பது எண்ணம்.

1971 டிசம்பரில் இந்தியாவே இந்தக் கணக்குப்பிள்ளை வேலையில் உட்கார நேர்ந்தது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது கைக்கு வந்தவர்கள், படையினரும் மற்றவர்களும் சேர்த்து, ஏறத்தாழ 93,000 பேர். அவர்கள் ஊர் திரும்பி முடிய 1974 ஆனது. ஜெனீவா விதிப்படி அவர்களில் ஒவ்வொரு போர்க்கைதிக்கும் ஒரு கணக்கு.

இந்த அமைப்பு முழுவதும் ஓர் எண்ணில் தொங்குகிறது. பிடிபட்டவன் பெயர், தரம், பிறந்த தேதி, படை எண், இந்த நான்கைத் தவிர வேறெதுவும் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல. சினிமாவில் இதை வீரமாகக் காட்டுவார்கள். உண்மையில் இது கணக்குச் சாவி. ஒரே பட்டாளத்தில் எத்தனை முனுசாமி, எத்தனை ராமசாமி இருந்திருப்பார்கள்? தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் இஷ்டத்துக்கு எழுதுவார். அந்த ஆங்கிலத்தைப் பார்த்து ஜப்பானியக் குமாஸ்தா தன் எழுத்தில் எழுதினால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. எண் மாறாது. எண் இருந்தால் முகாமின் அட்டையும் ஜெனீவாவின் அட்டையும் ஊரிலிருக்கும் சம்பளப் பேரேடும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் 1914 ஆகஸ்டில் தொடங்கிய போர்க்கைதிகள் அலுவலகத்தின் வேலையே இந்த அட்டைகளை ஒன்றோடொன்று சேர்ப்பதுதான். முதல் உலகப் போர்க் காலத்து அட்டைகளை 2007-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்து அங்கே தொண்டராக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15 அன்று அது வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை, வெள்ளை அதிகாரிகளிடமிருந்து தனியே பிரித்து, ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஜப்பான் 1929 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. ஆனால் அதை ஏற்புறுதி செய்யவில்லை. தேவையான மாறுதல்களோடு கடைப்பிடிக்கிறோம் என்று மட்டும் வாக்குக் கொடுத்தது. அந்த மாறுதல் என்ன என்பதை முகாமில் இருந்தவர்கள் உடம்பால் தெரிந்துகொண்டார்கள்.

திருவொற்றியூரிலிருந்து போன ஒரு சிப்பாய் என்று வைத்துக்கொள்வோம். கப்பலேறும் முன் சம்பளத்தில் இவ்வளவு அம்மாவுக்கு என்று எழுதிக் கொடுத்திருப்பார். தபால்காரர் மணியார்டர் கொண்டுவருவார். மீதி அவர் கணக்கில் சேரும். அடிப்படைச் சம்பளம் இருபது ரூபாயைத் தொடாத காலம். மாதம் 18 ரூபாய் என்று வைத்தால், பிடிபட்டதிலிருந்து 1945 செப்டம்பர் வரையிலான 43 மாதத்துக்கு, வீட்டுக்குப் போனதையும் சேர்த்து, 774 ரூபாய். கிராமத்தில் நிலம் வாங்கக்கூடிய தொகை. முகாமில் எலும்பாகிக்கொண்டிருந்தவர், கணக்கில் மாதாமாதம் பணக்காரராகிக்கொண்டிருந்தார்.

முகாமுக்குள்ளும் காசு ஓடியது. சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகளில் அதிகாரிகளுக்கு ஜப்பானியர் மாதச் சம்பளம் கணக்கிட்டு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று கழித்து, ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்தார்கள். வேலை செய்த சிப்பாய்களுக்கு நாளுக்குச் சில சென்ட். பல முகாம்களில் அதிகாரிகள் தங்கள் பணத்தில் ஒரு பங்கை நோயாளிகள் நிதிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஆற்றோரம் வந்த வியாபாரிகளிடம் வாத்து முட்டை வாங்கினார்கள். வைட்டமின் பற்றாக்குறையால் கண் மங்கி, கால் வீங்கிக் கிடந்தவர்களுக்கு ஒரு முட்டை மருந்து மாதிரி. பிழைத்து வந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் வாத்து முட்டை திரும்பத் திரும்ப வருகிறது. கோட்பாடாகப் படிக்கும்போது சலிப்பூட்டும் ஹேக் விதி, அங்கே ஒருவன் வாயில் முட்டையாகப் போய் விழுந்தது.

அதே பாதையில்தான் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் மண் சுமந்தார்கள். அவர்கள் போர்க்கைதிகள் அல்ல, கூலிகள். எனவே படை எண் இல்லை, அட்டை இல்லை, பேரேடு இல்லை. விளைவு என்ன தெரியுமா? அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுக் கைதிகள் 12,000-க்கும் மேல். பெரும்பாலோருக்குப் பெயர் தெரியும், தேதி தெரியும். இரகசியமாக எழுதி மூங்கிலுக்குள்ளும் கல்லறைக்குள்ளும் ஒளித்து வைத்த பட்டியல்களைக் கொண்டு, போர் முடிந்ததும் உடல்களைத் தேடி எடுத்தார்கள். காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? எண்பதாயிரம் என்பார்கள், தொண்ணூறாயிரம் என்பார்கள், இலட்சம் தாண்டும் என்பார்கள். பத்தாயிரக்கணக்கில் தள்ளாடுகிற அந்த எண்ணுக்குள் நம்மவர்கள் இருக்கிறார்கள். சம்பளப் பட்டியலில் இல்லாதவன் சாவுப் பட்டியலிலும் இல்லை.

பட்டியலில் இருந்தும் தொலைந்தவர்கள் உண்டு. நியூ கினித் தீவுக்கு ஜப்பானியர் ஆயிரக்கணக்கான இந்தியக் கைதிகளைக் கொண்டுபோனார்கள். 1945-இல் ஆஸ்திரேலியப் படை அங்கோரம் பக்கம் வந்தபோது ஜமேதார் சிந்த் சிங்கின் குழுவில் எஞ்சியிருந்தவர்கள் பதினொரு பேர். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்ல அவர் மட்டும் தங்கினார். ஊர் திரும்பப் புறப்பட்ட மற்றப் பத்துப் பேரும் விமான விபத்தில் இறந்தார்கள். நினைவிலும் குறிப்பிலும் அவர் வைத்திருந்ததுதான் பிறகு நீதிமன்றத்தில் பேசியது.

ரங்கூன் சிறைக்குப் போவோம். 1945 ஏப்ரல் 29 அன்று ஜப்பானியக் காவலர்கள் அதை விட்டுப் போனார்கள். உள்ளே இருந்த பிரிட்டிஷ் கைதிகள் கூரை மேல் ஏறி, விமானங்களுக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள் என்று எழுதினார்கள். நகரத்தில் ஒழுங்கு கெடாமலிருக்க ஏறக்குறைய ஐயாயிரம் ஐ.என்.ஏ. வீரர்களோடு பின்தங்கியிருந்தவர் மேஜர் ஜெனரல் ஆற்காடு துரைசாமி லோகநாதன், தமிழர், டாக்டர். சிங்கப்பூரில் பிடிபடும் முன் இந்திய மருத்துவப் பணியில் லெப்டினன்ட் கர்னல். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை வந்தது. அவர்கள் சரணடைந்தார்கள். நேற்றுவரை பிரிட்டிஷ் கைதிகள் இருந்த அதே சிறையில் இன்று ஐ.என்.ஏ.காரர்கள்.

வெளியே போனவர்களுக்குக் கணக்கு காத்திருந்தது. உள்ளே வந்தவர்கள் இரண்டு வகை. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து பிடிபட்டு ஐ.என்.ஏ-வில் சேர்ந்தவர்கள் முதல் வகை. இவர்களுக்குப் பேரேட்டில் பக்கம் இருந்தது. மேலே சொன்ன நடத்தை விசாரணை இவர்களுக்காகவே வைத்த மாதிரி. வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். செங்கோட்டையில் 1945 நவம்பரில் தொடங்கிய வழக்கில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல், பதவி பறிப்பு, சம்பளப் பாக்கி பறிமுதல் என்று தீர்ப்பு வந்தது. நாடு கொதித்தது. 1946 ஜனவரி 3 அன்று தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை ரத்து செய்தார். நாடே கொண்டாடியது. பதவி பறிப்பையும் சம்பளப் பறிமுதலையும் அவர் அப்படியே உறுதி செய்ததை யாரும் அதிகம் பேசவில்லை. ஆளை விட்டார்கள், சம்பளத்தை விடவில்லை. ஒருவனைத் தன் ஆள் இல்லை என்று சொல்ல ஒரு ராணுவம் வைத்திருக்கும் கடைசி வழி, கணக்கை மூடுவது.

இரண்டாம் வகைதான் வட சென்னையோடு தொடர்புடையது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு மலேயாவிலும் பர்மாவிலும் படையில் சேர்ந்த சாதாரண மக்கள்: ரப்பர் தோட்டத் தொழிலாளி, ஆலைக்காரர், துறைமுகக் கூலி, கடைப்பையன். இவர்களில் பெரும்பாலோர் தமிழர். பிரிட்டிஷ் பேரேட்டில் இவர்களுக்குப் பக்கமே கிடையாது. பறிமுதல் செய்யக்கூட எதுவும் இல்லை. ஐ.என்.ஏ. கொடுத்த சிறு சம்பளம் ஜப்பானிய ராணுவ நோட்டில். ஜப்பான் தோற்ற அன்று அது வெறும் காகிதம். ரங்கூனில் 1944 ஏப்ரலில் திறந்த ஆசாத் ஹிந்த் வங்கியும் போய்விட்டது. படையின் காகிதங்களில் பெரும்பகுதியை, எதிரி கையில் சிக்கி ஆட்களைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று, அவர்களே எரித்தார்கள். அன்றைக்கு ஆளைக் காப்பாற்றிய அந்த நெருப்பு பிறகு அவருடைய அத்தாட்சியைத் தின்றது.

1972 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் மாதம் 200 ரூபாய். தகுதி: குறைந்தது ஆறு மாதச் சிறை; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அது பின்னர் மூன்று மாதமாகக் குறைந்தது. ஐ.என்.ஏ-வும் இதில் சேர்ந்தது. அதற்கு முன்பே சென்னை மாநில அரசும் தனியே தியாகி பென்ஷன் கொடுக்கத் தொடங்கியிருந்தது. பர்மாவிலிருந்து வந்த தமிழர் பலரின் மனுக்களில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வருகிறது: ரங்கூன் மத்தியச் சிறை, 1945. சிறை ஆவணம் எங்கே என்று கேட்டார்கள். வேறு நாட்டில், ஆட்சி இரண்டு முறை மாறிய ஊரில், அந்த ஊரை விட்டே துரத்தப்பட்டவர் எங்கே போய் வாங்குவார்?

அரசாங்கம் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தது. ஆவணம் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று மாநில அரசிடமிருந்து ஒரு சான்று வாங்க வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்கே ஓர் ஆவணம். அதோடு, கூடச் சிறையில் இருந்தவர் தரும் சான்றிதழ். அப்படிச் சான்று தருகிறவரின் சிறைவாசம் முதலில் நிரூபணமாகியிருக்க வேண்டும். யாரோ ஒருவரின் காகிதம் பிழைத்திருந்தால், அவரைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் கரையேறலாம். இதில் பொய்ச் சான்றுகளும் புகுந்தன என்பது உண்மை. சந்தேகம் பெருக, உண்மையானவர்களின் மனுவும் மேசை மேசையாக அலைந்தது. அதிகாரிகளைத் திட்டுவது சுலபம். ஆனால் பேரேடே இல்லாத இடத்தில் பேரேட்டுக்காரன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை.

நீதிமன்றம் ஒரு பதிலை உருவாக்கியது. முகுந்த் லால் பண்டாரி வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், தாமதமாக விண்ணப்பித்தார் என்பதற்காக மட்டும் ஓய்வூதியத்தை மறுக்க முடியாது என்றது. குர்தியால் சிங் வழக்கில் 2001-இல் இன்னும் தெளிவாகச் சொன்னது: குற்றவழக்கில் கேட்பது போலச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணத்தை இந்த மனுக்களில் கேட்கக் கூடாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். இவை தியாகிகளுக்குக் கொடுத்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கணக்கை எரித்தவனும் தொலைத்தவனும் மனுதாரர் அல்லாதபோது, இல்லாத கணக்கின் பாரத்தை அவர் தலையில் வைக்கக் கூடாது என்பது வெறும் நியாயம்.

இதற்கு நேரெதிரான ஒரு வழக்கும் உண்டு: கணக்கு இருக்கிறது, ஆள்தான் இல்லை. 1971 போரில் காணாமல் போய், பாகிஸ்தான் சிறையில் இருப்பதாக நம்பப்பட்ட இந்தியப் படையினர் 54 பேர். பாகிஸ்தான் தன்னிடம் யாரும் இல்லை என்றது. ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதலாம் என்பது நம் சாட்சியச் சட்டம். குஜராத் உயர் நீதிமன்றம் 2011 டிசம்பரில் அந்த வழியில் போகவில்லை. அவர்கள் பணியில் இருப்பதாகவே கருதி, ஓய்வு பெறும் வயதுவரை கணக்கிட்டு, சலுகைகளைக் குடும்பத்துக்குத் தரச் சொன்னது. அடுத்த ஆண்டு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நாற்பது வருடமாக யாரும் பார்க்காத ஒருவர், நீதிமன்ற உத்தரவின் பலத்தில், பணியில் இருந்தார்.

ஜப்பானிடமிருந்து கைதிகளுக்கு ஏதாவது வந்ததா என்றும் கேட்பீர்கள். 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16-ஆவது விதி, ஜப்பானின் சில வெளிநாட்டுச் சொத்துகளைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக முன்னாள் கைதிகளுக்குப் பங்கிடச் சொன்னது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. 1952 ஜூன் 9 அன்று தனியே ஒப்பந்தம் செய்து, இழப்பீடு வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மை அரசாங்கத்துடையது, பாக்கி சிப்பாயுடையது. பிரிட்டன் 2000-இல் ஜப்பானிடம் கைதியாக இருந்தவர்களுக்குத் தலைக்கு 10,000 பவுண்ட் அறிவித்தபோதும் பழைய இந்திய ராணுவத்துக் கூர்க்காக்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் வழக்குப் போட்டார்கள். விலக்கியது நியாயமற்றது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2002 நவம்பரில் தீர்ப்பளித்தது.

எரியாமல் மிஞ்சிய காகிதங்கள் இங்கே வேறு ஆபத்தில் இருக்கின்றன. உப்புக் காற்று ஒரு பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்ததை அந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்திடம் பாதுகாப்பு அமைச்சகம் 1997-இல் ஒப்படைத்த ஐ.என்.ஏ. கோப்புகள் 990 இருக்கின்றன. அவற்றில் ஒரு பெயரைத் தேடிப் போகிறவருக்கு வீட்டிலிருந்து ஒரு நுனி வேண்டும்.

ஆகவே பர்மா, மலேயா வழி வந்த குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். டிரங்குப் பெட்டி இன்னும் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்து பாருங்கள். காகிதம், புகைப்படம், பேட்ஜ் எதுவானாலும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். ஓரத்தில் ஏதாவது எண் இருந்தால் அதை முதலில் எழுதிவையுங்கள். பெயரைவிட அது முக்கியம். கூட்டமாக எடுத்த படத்தில் யார் யார் என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் குறியுங்கள். அசலை எந்தப் புரோக்கரிடமும் கொடுக்காதீர்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஒரு நகலை அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். தயவுசெய்து லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டையும் பசையையும் பழைய காகிதம் தாங்காது. ஒட்டிய பிறகு பிரிக்கவும் முடியாது.